பல்லில் ஒட்டிய நீலம்



வண்ணம் நம் கையில் படாத நாள் உண்டா? மார்கழி வந்தால் கலர் கோலப்பொடி. நவராத்திரி வந்தால் கொலு பொம்மை. சதுர்த்திக்குப் பிள்ளையார். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை, மாட்டுக் கொம்புக்குப் பெயிண்ட். நம் குழுக்களில் பலர் பொம்மைக்கு வர்ணம் அடித்தும், குங்குமம் தயாரித்தும், துணியில் படம் வரைந்தும் நாலு காசு பார்க்கிறோம்.

சரி, ஒரு கேள்வி. இந்த வண்ணம் எதிலிருந்து வருகிறது? "கடையிலிருந்துதாங்க வருது" என்று சட்டென்று சொல்லிவிடுவோம். கடைக்கு எதிலிருந்து வந்தது? அதை யார் இடித்தார்கள், யார் அரைத்தார்கள், அவர்கள் உடம்பு என்ன ஆனது? இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். "பெரிய ஓவியர்கள் விஷயம், நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கடைசியில் நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிற விஷயம் இது.

பல் சொன்ன கதை

ஜெர்மனி நாட்டில் டால்ஹைம் என்று ஓர் ஊர். சுமார் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அங்கே சின்னதாக ஒரு கன்னியர் மடம் இருந்தது. பின்னாளில் அது தீயில் அழிந்து போனது. அங்கிருந்த பெண்கள் என்ன படித்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று சொல்ல ஒரு புத்தகம்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியது இடுகாட்டு எலும்புகள்தான்.

அதில் ஒரு பெண். சாகும்போது வயது 45-லிருந்து 60-க்குள் இருக்கும். பெயர் தெரியாது. அந்தக் காலத்து மக்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று பார்க்க, ஆராய்ச்சியாளர்கள் அவர் பல்லில் கல் போலப் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்துக் கரைத்தார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அட! நூற்றுக்கும் மேற்பட்ட நீலத் துகள்கள்! சாப்பாட்டில் ஏது இப்படி ஒரு நீலம்?

சோதித்துப் பார்த்ததில் அது லாபிஸ் லசூலி என்ற நீலக் கல்லின் தூள் என்று தெரிந்தது. அச்சு இயந்திரம் வராத காலம் அது. புத்தகங்களைக் கையால் எழுதி, பொன்னாலும் நீலத்தாலும் படம் வரைவார்கள். அந்தப் பெண் அப்படிப் புத்தகத்தில் படம் எழுதியவராக இருக்க வேண்டும். பிரஷ்ஷின் நுனி கூராக வேண்டும் என்று அடிக்கடி உதட்டில் வைத்து நனைத்திருக்கிறார். அந்த நீலம் பல்லில் ஒட்டி, ஆயிரம் வருடம் அப்படியே இருந்திருக்கிறது. இதுதான் பொருத்தமான விளக்கம் என்று ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் வெளியிட்டார்கள்.

அதுவரை, விலை உயர்ந்த வண்ணம் கொண்டு புத்தகம் எழுதியவர்கள் எல்லாம் ஆண் துறவிகள்தான் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். ஏனென்றால் பெண்கள் பெரும்பாலும் தங்கள் வேலையில் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்து இல்லாத இடத்தில் பல் சாட்சி சொன்னது! நம் தீர்மானப் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள் என்று ஊக்குநர் ஏன் விடாமல் கேட்கிறார் என்று இப்போது புரிகிறதா?

அந்த நீலத்தின் விலை

இந்த நீலக் கல் ஆப்கானிஸ்தானில் படக்‌ஷான் என்ற மலைப் பகுதியில் வெட்டி எடுக்கப்பட்டது. அங்கிருந்து வியாபாரிகள் கை மாறிக் கை மாறி, மலை தாண்டி, கடல் தாண்டி ஐரோப்பாவுக்குப் போனது. அதனால் அந்த நீலத்துக்கு 'அல்ட்ராமெரின்' என்று பெயர். 'கடலுக்கு அப்பாலிருந்து வந்தது' என்று பொருள்.

கல்லை அப்படியே இடித்தால் நீலம் வராது, சாம்பல் நிறம்தான் வரும். கல்லில் கலந்திருக்கும் மற்ற பொருள்களைப் பிரிக்க வேண்டும். அதற்கு ஒரு பக்குவம் உண்டு. கல்லை மாவாக இடித்துச் சலித்து, மெழுகும் பிசினும் உருக்கிச் சேர்த்து உருண்டையாகப் பிசைவார்கள். மூன்று நாளுக்குக் குறையாமல் அதைத் தினமும் பிசைய வேண்டும். பிறகு சாம்பல் கரைத்துத் தெளிந்த கார நீரில் போட்டு அழுத்தி அழுத்திப் பிசைந்தால், நீலம் மட்டும் நீரில் இறங்கி அடியில் தங்கும். அழுக்கு மெழுகிலேயே நின்றுவிடும். முதலில் இறங்குவது நல்ல அடர் நீலம். அடுத்தடுத்து இறங்குவது வெளிறிக்கொண்டே போகும். நாம் தேங்காயில் முதல் பால், இரண்டாம் பால் எடுப்பதில்லையா? அதே மாதிரிதான்.

இத்தாலி நாட்டு ஓவியர் சென்னினோ சென்னினி 1400-ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய தொழில் நூலில் இந்தப் பக்குவத்தைச் சொல்லியிருக்கிறார். கூடவே, இந்த வேலைக்கு ஆண்களைவிடப் பெண்களே ஏற்றவர்கள், அவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள், கையும் பதமானது என்றும் எழுதியிருக்கிறார். ஆக, பிசைந்த கை பெண்ணுடையது. படத்தின் கீழே பெயர் யாருடையது? நீங்களே சொல்லுங்கள்!

விலை என்ன தெரியுமா? 1485-ல் ஃபிளாரன்ஸ் நகரத்தில் ஓர் அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்காகப் படம் வரைய ஓவியர் கிர்லாண்டாயோவுடன் ஒப்பந்தம் போட்டார்கள். அதிலேயே, ஓர் அவுன்ஸ் ஏறக்குறைய 4 பொற்காசு மதிப்புள்ள நீலத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். மட்டமான நீலத்தைப் பூசி ஏமாற்றிவிடக்கூடாது அல்லவா? தரத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்குவது அன்றைக்கும் இருந்திருக்கிறது.

பிறகு 1824-ல் பிரான்ஸ் நாட்டில் ஒரு சங்கம், இந்த நீலத்தை மலிவாகச் செய்து காட்டுபவருக்கு 6,000 ஃபிராங்க் பரிசு என்று அறிவித்தது. 1828-ல் கிமே என்பவர் அந்தப் பரிசை வாங்கினார். வெள்ளைக் களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சேர்த்துச் சுட்டால் அதே நீலம் வந்துவிட்டது! நம் அம்மாக்கள் வெள்ளைத் துணிக்குப் போட்ட நீலப் பொடி, சுண்ணாம்பில் கலந்து சுவருக்கு அடித்த நீலப் பொடி எல்லாம் இந்த வம்சம்தான். இப்போது பாட்டிலில் வருகிற சொட்டு நீலம் வேறு சாயம். ஒரு காலத்தில் பொன் விலை விற்றது, பிறகு பொட்டலத்தில் விற்றது!

இந்த நீலம் அந்தப் பெண்ணைக் கொல்லவில்லை. அவர் அதிர்ஷ்டம். எல்லா வண்ணமும் அப்படி இல்லை.

வெள்ளைக்குப் பின்னால் இருந்த கறுப்பு

பழைய ஐரோப்பிய ஓவியங்களில் வெள்ளை என்றால் பெரும்பாலும் ஈய வெள்ளைதான். செய்முறை இதுதான்: மண் சட்டியில் அடியில் வினிகர் என்ற புளிக்காடியை ஊற்றி, மேலே ஈயத் தகடுகளை வைப்பார்கள். இப்படி நூற்றுக்கணக்கான சட்டிகளை அடுக்கி, சுற்றிலும் குதிரைச் சாணம் போட்டு அறையை மூடிவிடுவார்கள். சாணத்தின் சூடும், அதிலிருந்து கிளம்பும் வாயுவும், காடியின் ஆவியும் சேர்ந்து இரண்டு மூன்று மாதத்தில் ஈயத்தை வெள்ளைப் பொருக்காக மாற்றிவிடும். அதைத் தட்டி எடுத்து, அரைத்து, உலர்த்தி விற்பார்கள்.

தட்டி எடுத்தது யார்? 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பகுதி ஏழைப் பெண்கள். ஈயத்தைச் சுமந்து போய் அடுக்குவது, பொருக்கை எடுப்பது, உலர்த்தும் அறைக்குத் தூக்கிப் போவது எல்லாம் அவர்கள்தான். அந்தத் தூள் மூச்சிலும் சாப்பாட்டிலும் உள்ளே போனது. தாங்க முடியாத வயிற்று வலி, கை மணிக்கட்டு தொங்கிப் போவது, வலிப்பு, கண் பார்வை போவது, கருச்சிதைவு... இப்படி ஒவ்வொன்றாக வந்தது.

எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் 1868-ல் லண்டனின் ஏழைகள் பகுதிக்குப் போய், இந்த வேலைக்குப் போகிற குடும்பங்களைப் பார்த்து எழுதினார். ஒரு நாள் கூலி 18 பென்ஸ். விஷம் என்று தெரிந்தும் ஏன் போனார்கள்? குழந்தைகள் பசியோடு இருந்தன. வேறு வேலை இல்லை. அவ்வளவுதான்.

1898-ல் இங்கிலாந்தில், இந்தத் தொழிற்சாலைகளின் ஆபத்தான வேலைகளில் பெண்களை வைக்கக்கூடாது என்று தடை வந்தது. 1921-ல் உலகத் தொழிலாளர் அமைப்பு, வீட்டுக்குள் அடிக்கும் பெயிண்டில் ஈய வெள்ளையைத் தடுக்க ஓர் உடன்படிக்கை கொண்டு வந்தது. அதிலும் பெண்களும் 18 வயதுக்குக் குறைந்தவர்களும் அந்த பெயிண்ட் வேலைக்கு வரக்கூடாது என்று சேர்த்தார்கள்.

நல்லதுதானே என்று தோன்றும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1898-ல் பெண்களை வெளியே அனுப்பினார்கள். விஷத்தை வெளியே அனுப்பவில்லை. பெண்களுக்கு வேலை போனது. அந்த இடத்துக்கு வந்த ஆண்கள் அதே தூளைச் சுவாசித்தார்கள். சட்டம் நம்மைக் காப்பாற்றுகிறதா, நம்மை ஒதுக்குகிறதா என்று கேட்கப் பழக வேண்டும்.

பச்சை இலை செய்த பெண்

1775-ல் ஷீலே என்ற வேதியியல் அறிஞர் செம்பையும் ஆர்சனிக்கையும் சேர்த்து ஒரு பச்சை வண்ணம் செய்தார். ஆர்சனிக் என்பது பாஷாணம். 1814-ல் அதைவிடப் பளிச்சென்ற மரகதப் பச்சை வந்தது. அதிலும் பாஷாணம்தான். வான்கோ போன்ற பெரிய ஓவியர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். சுவர்க் காகிதம், துணி, தலையில் சூடும் செயற்கைப் பூ என்று எங்கும் அந்தப் பச்சை.

லண்டனில் மெட்டில்டா ஷோயரர் என்ற 19 வயதுப் பெண், செயற்கை இலைகளில் இந்தப் பச்சைத் தூளைத் தூவும் வேலை செய்தார். தூள் காற்றில் பறக்கும், கையில் ஒட்டும், அதே கையால் சாப்பிடுவார். 1861 நவம்பரில் அவர் இறந்தார். வாந்தி பச்சையாக வந்தது. கண்ணின் வெள்ளை பச்சையாக மாறிவிட்டது. பார்ப்பதெல்லாம் பச்சையாகத் தெரிகிறது என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. அங்கே 'பெண்கள் சுகாதாரச் சங்கம்' என்று ஒன்று இருந்தது. அந்தச் சங்கத்தார் சும்மா இருக்கவில்லை. அந்த இலைகளை ஹாஃப்மன் என்ற புகழ்பெற்ற வேதியியல் அறிஞரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார்கள். ஒரு பெண் தலையில் சூடும் ஒரே ஒரு இலைக் கொத்தில் 20 பேரைக் கொல்லும் அளவு பாஷாணம் இருக்கலாம் என்று அவர் சொன்னார். 1862-ல் அது பத்திரிகையில் வந்தது. செய்பவருக்கு விஷம் என்றபோது அசையாத ஊர், சூடுபவருக்கும் விஷம் என்றதும் அசைந்தது. ஆனாலும் அசைத்தது ஒரு பெண்கள் சங்கம்தான்!

மறுபடியும் பல்

இன்னொரு கதை அமெரிக்காவில். 1917 முதல் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் இளம்பெண்கள் கடிகார எண்களுக்கு இருட்டில் ஒளிரும் பெயிண்ட் பூசினார்கள். அதில் ரேடியம் இருந்தது. பிரஷ் நுனி கூராக இருக்க உதட்டில் வைத்து எடுங்கள் என்று வேலை கற்றுக் கொடுத்தவர்களே சொன்னார்கள். ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார்கள். சில வருடங்களில் அந்தப் பெண்களுக்குப் பல் விழுந்தது. தாடை எலும்பு உளுத்துப் போனது. பலர் இறந்தார்கள்.

அவர்களில் கிரேஸ் ஃப்ரையர் என்பவர் வழக்குப் போட முடிவு செய்தார். வழக்கை எடுக்க ஒரு வக்கீல் கிடைக்கவே அவருக்கு இரண்டு வருடம் ஆனது. கடைசியில் ஐந்து பெண்கள் சேர்ந்து நின்றார்கள். 1928-ல் அவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. வேலை செய்யும் இடத்தில் வரும் நோய்க்கு முதலாளியும் பொறுப்பு என்ற எண்ணம் வலுப்பட்டதில் இந்த ஐந்து பேருக்குப் பங்கு உண்டு.

டால்ஹைம் பெண்ணின் பல் அவர் திறமையைச் சொன்னது. இந்தப் பெண்களின் பல், அவர்களிடம் சொல்லப்பட்ட பொய்யைச் சொன்னது. இரண்டு இடத்திலும் பழக்கம் ஒன்றுதான், பிரஷ்ஷை வாயில் வைப்பது. வித்தியாசம் வண்ணத்தில் என்ன இருந்தது என்பதில்தான்.

"இயற்கைன்னா நல்லதுதானே?"

இந்தக் கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். நம் ஊர்ச் சுவர்களைப் பார்ப்போம். சித்தன்னவாசல் குகையிலும், தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்களிலும் வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவிக்கல் இருக்கின்றன. எல்லாம் மண்ணிலிருந்தும் அடுப்பிலிருந்தும் வந்தவை. நூற்றுக்கணக்கான வருடம் நின்றிருக்கின்றன.

ஆனால் அரிதாரமும் இயற்கைதான். மஞ்சளாக, தகடு தகடாகக் கிடைக்கும் கல். நாடகக்காரர்கள் முகத்தில் பூசியதால்தான் வேஷம் கட்டுவதை 'அரிதாரம் பூசுவது' என்கிறோம். அதற்குள் இருப்பது பாஷாணமும் கந்தகமும்! செக்கச்செவேல் என்றிருக்கும் சாதிலிங்கத்தில் இருப்பது பாதரசம். மறுபக்கம், தொழிற்சாலையில் செய்த நீலப் பொடி இவற்றைப் போல விஷம் இல்லை. ஆகவே "இயற்கையா, செயற்கையா?" என்று கேட்பது போதாது. "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்க வேண்டும்.

இன்றைக்கு நம் வீட்டில்

ஈயம் போய்விட்டதா? முழுதாகப் போகவில்லை. இந்தியாவில் 2016-ல் கொண்டு வந்த விதிகளின்படி, வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக்கூடாது. அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கு. 2017 நவம்பர் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. டப்பாவிலேயே அதை எழுத வேண்டும். ஆனால் இந்த விதி வீட்டுப் பெயிண்டுக்குத்தான். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு என்று விற்கும் பெயிண்டுகளுக்கு இது பொருந்தாது. பளீர் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம்.

குங்குமத்திலும் கவனம் வேண்டும். மஞ்சளோடு எலுமிச்சைச் சாறு, வெண்காரம், படிகாரம் சேர்த்து நாம் செய்யும் குங்குமம் நல்லது. மலிவு விலைச் செந்தூரம் சிலவற்றைச் சோதித்தபோது ஈயம் இருந்திருக்கிறது.

ஈயம் உடம்பில் எந்த அளவு போனாலும் அது பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதிகம் பாதிப்பது குழந்தையின் மூளையை. தாயின் எலும்பில் தங்கிய ஈயம் கர்ப்ப காலத்தில் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். ஈயப் பெயிண்ட் இனிக்கும் என்பதால் உதிர்ந்த சில்லுகளைக் குழந்தைகள் வாயில் போடுவதும் உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

1. பிரஷ்ஷை வாயில் வைக்காதீர்கள். பொம்மைக்குக் கண் எழுதும்போது நுனி கூராக வேண்டுமா? ஈரத் துணியில் உருட்டி எடுங்கள்.

2. வர்ணம் அடிக்கும் இடத்தில் சாப்பிடக்கூடாது, வெற்றிலை போடக்கூடாது. சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாடு, பிறகே குழந்தையைத் தூக்குவது.

3. வர்ணம் கலந்த கிண்ணம் சமையலறைக்குத் திரும்பக்கூடாது.

4. பழைய பெயிண்ட்டைச் சுரண்டும்போது தண்ணீர் தெளித்து, ஈரமாகச் சுரண்டுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

5. தொட்டில், நடைவண்டி, விளையாட்டுப் பொம்மைக்கு வண்டிப் பெயிண்ட், இரும்புப் பெயிண்ட் அடிக்காதீர்கள். டப்பாவில் ஈய அளவு எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

6. பேர் இல்லாத பொட்டலத்தில் கிலோ கணக்கில் விற்கும் கலர் பொடி வேண்டாம். எதிலிருந்து செய்தது என்று கடைக்காரர் சொல்லவில்லை என்றால், நாம் வாங்கவில்லை. குழுவாகச் சேர்ந்து கேட்டால் பதில் வரும்.

கடைசியாக ஒன்று. லண்டன் பெண்களுக்கு அது விஷம் என்று தெரியாமல் இல்லை. 'இந்த வேலை வேண்டாம்' என்று சொல்ல அவர்கள் கையில் எதுவும் இல்லை. நம் கையில் சேமிப்பு இருக்கிறது, அவசரத்துக்கு உள்கடன் இருக்கிறது, பக்கத்தில் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். 'வேண்டாம்' என்று சொல்லும் தெம்பும் நம் சேமிப்பின் பலன்தான். வட்டிக் கணக்கில் அது வராது, அவ்வளவுதான்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

• நம் குழுவில் வண்ணம் சார்ந்த தொழில் செய்பவர்கள் யார் யார்? அவர்கள் வாங்கும் வண்ணத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

• வேலையின்போது கை அரிப்பு, தலைவலி, வயிற்று வலி யாருக்காவது வருகிறதா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டும்போது, செய்யும் வேலையையும் சொன்னோமா?

• 1898-ல் பெண்களை வேலையிலிருந்து எடுத்ததற்குப் பதில் வேறு என்ன செய்திருக்கலாம்?

• நாம் செய்த பொருளில் நம் குழுவின் பெயர் இருக்கிறதா? ஆயிரம் வருடம் கழித்து நம் பல்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

கூட்டத்தில் பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். மறக்காமல் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்!